பழைய விண்டோஸை இமேஜாக்க விஎச்டிஎக்ஸா, விடிஐயா, கியூகவ்2வா?

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலை. அதன் கணக்கு மென்பொருள் விண்டோஸ் 7-இல்தான் ஓடும். எழுதித் தந்தவர் தொழிலை விட்டுப் போய்விட்டார், மறுபடி நிறுவ சிடியும் இல்லை. கணினி சாகும் முன் அதன் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக (இதுதான் இமேஜ்) நகலெடுத்து, வேறொரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர் இயந்திரமாக்கினோம். தலைப்பில் உள்ள மூன்றும் அந்த இமேஜின் கோப்பு வடிவங்கள். நாங்கள் எடுத்தது, லினக்ஸில் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் கேவிஎம், வட்டுக்கு கியூகவ்2. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பிடித்தெடுப்பதில் போட்டியே இல்லை. மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவி டிஸ்க்2விஎச்டி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸையே விஎச்டிஎக்ஸ் கோப்பாக்கித் தரும். அதை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எழுதச் சொன்னால் போதும். அங்கிருந்து எந்த வடிவத்துக்கும் கியூஎமு-இமேஜ் கருவியின் ஒரே கட்டளையில் மாறிக்கொள்ளலாம். இந்த மாதிரி கணக்கு வேலையில் வேக வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியவில்லை.

மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் இன்னொரு மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸின் விடிஐ, மௌஸைத் தட்டியே பழகியவர்களுக்குச் சுலபம். விண்டோஸ் 10 ப்ரோ இருந்தால் அதே வேலைக்கான மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி கூடவே வரும், அதன் வடிவம் விஎச்டிஎக்ஸ். விஎச்டிஎக்ஸ் தன் உள்கட்டமைப்பு மாற்றங்களைப் பதிவேட்டில் (லாக்) எழுதிவைப்பதால், மின்சாரம் பட்டென்று போனாலும் கோப்பு சிதைவது குறைவு. நம்ம ஊருக்கு இது பெரிய விஷயம்தான். ஆனால் ஹைப்பர்-வியை நான் நீண்ட நாள் ஓட்டியதில்லை, அதனால் அதைப் பற்றி அழுத்திச் சொல்ல மாட்டேன்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. கியூகவ்2-இல் மூல இமேஜைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, அதன் மேல் ஒரு மேலடுக்குக் கோப்பு போடலாம். புதிதாக எழுதுவதெல்லாம் அந்த மேலடுக்கில்தான் சேரும். தை, மாசியில் சம்பா நெல் வந்து குவியும்போது, ராத்திரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு அந்தச் சின்னக் கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொள்கிறார்கள். மென்பொருளில் கை வைக்கும் முன் இன்னோர் அடுக்கு. கெட்டால் அதை அழித்தால் சரி. இந்த வசதி மற்ற இரண்டிலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விடிஐயைச் சும்மா நகலெடுத்தால் அடையாள எண் மோதி, அதே கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் அதைச் சேர்க்க மறுக்கும். கியூகவ்2 வெறும் கோப்பு. வேறு லினக்ஸ் கணினியில் போட்டு, மூல இமேஜ் இருக்கும் இடத்தைக் காட்டினால் ஓடும். 2018-இல் கஜா புயல் வந்துபோன பிறகு, ஒரு நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முழு இமேஜைச் சுருக்கி திருச்சிக்கு அனுப்பிவைத்திருக்கிறோம்.

ஒரு கண்டிப்பு: மேலடுக்கு இருக்கும்போது மூல இமேஜைத் தனியாக பூட் செய்யவே கூடாது. அதில் எழுத்து மாறினால் மேலடுக்கு செல்லாது. யூபிஎஸும் கட்டாயம் வேண்டும்.

முதல் பூட்டில் வட்டை, விண்டோஸுக்கு ஏற்கெனவே தெரிந்த பழைய இணைப்பு முறையான ஐடிஇ என்றே கொடுங்கள். எடுத்ததும் மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே உள்ள விர்ட்ஐஓ இணைப்பைக் கொடுத்தால், அதற்கான டிரைவர் இல்லாமல் விண்டோஸ் வட்டை அடைய முடியாது, 0எக்ஸ்7பி என்ற பிழை எண்ணோடு நீலத்திரைதான். சின்ன இரண்டாவது வட்டை விர்ட்ஐஓவில் மாட்டி, டிரைவரை ஏற்றி, அப்புறம் மாற்றலாம்.

விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்தது, அதனால் இணையத்தைத் துண்டித்தே வையுங்கள். கணினியோடு வந்த ஓஇஎம் (தயாரிப்பாளர் போட்டுத் தந்த) விண்டோஸ் உரிமம் அந்தக் கணினிக்கு மட்டும்தான், இமேஜோடு கூட வராது. உரிமத்துக்குத் தனியாக வழி செய்த பிறகே வேலையில் இறங்குங்கள்.