ஃபுட்பால் மேனேஜர் 2024: ஆஃப் சீசனுக்காகவே ஆடலாம்

ஒரு கால்பந்து கிளப்பின் மேனேஜராக இருந்து அணியை நடத்துகிற கம்ப்யூட்டர் கேம் ஃபுட்பால் மேனேஜர். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எந்த ஃபார்மேஷன் ஜெயிக்கும், எந்த இளம் ஆளை வாங்கினால் பின்னால் ஸ்டார் ஆவான் என்றுதான் பேசுகிறார்கள். எனக்கு அதெல்லாம் ரெண்டாவது. ஒரு சீசன் முடிந்து அடுத்தது தொடங்கும் வரைக்கும் இருக்கிற அந்த இடைவெளிதான் இந்த கேமின் உயிர். யாருக்கு ஒப்பந்தத்தை நீட்டிப்பது, யாரை அனுப்பிவிடுவது, கோச்சுகளுக்கு எவ்வளவு ஒதுக்குவது, இருக்கிற காசை எதில் போடுவது என்று ஒவ்வொரு வேலையையும் இவ்வளவு நுணுக்கமாக வைத்திருக்கிற வேறு கேமை நான் ஆடியதில்லை.

புதுச்சேரியில் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் ஒட்டும் என்று நினைக்கிறேன். பிரான்ஸில் சொந்தக்காரர் இருக்கிற குடும்பங்கள் இங்கே நிறைய, அதனால் பாரிஸ் நகரத்து கிளப்பான பிஎஸ்ஜி எங்களுக்குத் தூரத்து கிளப் கிடையாது. 180 மில்லியன் யூரோ விலை வைத்து மொனாக்கோவிடம் இருந்து கொண்டுவந்த எம்பாப்பே, 2024 ஜூனில் ஒப்பந்தம் முடிந்ததும் ரியல் மாட்ரிட்டுக்குக் கிளம்பிவிட்டார், பிஎஸ்ஜிக்கு ட்ரான்ஸ்ஃபர் தொகை என்று ஒரு பைசா வரவில்லை. உப்பளம் பக்கம் ஆடிவிட்டு டீக்கடையில் நிற்கிற பசங்களிடம் கேட்டால் அப்போது எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: கிளப் காலி. ஆனால் அதே கோடையில் ஜொவாவ் நெவெஸ், தேசிரே துவே மாதிரி சின்ன வயது ஆட்களை வாங்கி, கோச் லூயிஸ் என்ரிக்கே கையில் அணியை முழுசாகக் கொடுத்தார்கள். 2025 மே மாதம் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் இன்டர் மிலானை 5-0 என்று அடித்தார்கள். ஒரு பெரிய பெயர் போனால் அவரோடு சேர்ந்து எவ்வளவு சம்பளப் பாரம் இறங்குகிறது, அந்த இடத்தில் என்னென்ன செய்யலாம் என்பது வெளியே இருந்து பார்க்கிறவனுக்குச் சட்டென்று தெரியாது. இந்த கேமில் ஒரு ஆஃப் சீசன் ஆடினால் தெரிந்துவிடும்.

நான் எடுத்த அணி டன்கெர்க். பிரான்ஸின் வடகோடியில், கடலை ஒட்டி இருக்கிற ஊர், இரண்டாம் டிவிஷன் கிளப். அதை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1990-ல் பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்போடு ஒப்பந்தம் முடிந்த ஜான்-மார்க் போஸ்மன் போக விரும்பியது இந்த டன்கெர்க்குக்குத்தான். பழைய கிளப் விடவில்லை, ஆள் கோர்ட்டுக்குப் போனார், 1995 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் ட்ரான்ஸ்ஃபர் தொகை இல்லாமல் வேறு கிளப்புக்குப் போகலாம் என்று ஆனது அதற்குப் பிறகுதான். கேமில் இந்த விதியின் வெப்பத்தை நேரடியாக உணரலாம். ஒருவருடைய ஒப்பந்தத்தில் கடைசி ஆறு மாதம் வந்துவிட்டால் போதும், வெளியூர் கிளப்புகள் அவரிடம் பேச ஆரம்பித்துவிடும், நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு பார்க்க வேண்டியதுதான்.

பேரம் பேசுகிற திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த கேம் காசு கேட்கத் தகுதி பெறுவது இங்கேதான். முப்பது வயது தாண்டிய என் டிபென்டர் ரெண்டு வருஷம் கேட்டார். வாரச் சம்பளம் மட்டும் பேசினால் முடியாது, ஏஜென்ட் கமிஷன், ஆடுகிற மேட்ச்சுக்குத் தனிப் பணம், வருஷா வருஷம் சம்பள உயர்வு, அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் இந்த விலைக்கு விட்டுவிட வேண்டும் என்கிற நிபந்தனை, இதோடு எப்போதும் முதல் பதினொன்றில் இருப்பேன் என்று ஒரு வாக்குறுதி வேறு கேட்பார்கள். வாக்குறுதி கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்காரவைத்தால் டிரெஸ்ஸிங் ரூமே கெட்டுப்போகும். வயதான ஆளுக்கு ஒரு வருஷம் கொடுத்து, வேண்டுமானால் கிளப் இன்னொரு வருஷம் நீட்டிக்கலாம் என்று எழுதி வாங்குவதுதான் என் கணக்கில் சரியான வழி. ட்ரான்ஸ்ஃபர் பணத்தைச் சம்பளப் பணமாக மாற்றிக்கொள்ள ஒரு ஸ்லைடர் உண்டு. சின்ன கிளப்பை நடத்துகிறவர்கள் முதலில் அதைத்தான் தொட வேண்டும். ஒப்பந்தம் முடிந்து சும்மா இருக்கிற நல்ல ஆட்கள் ஜூலையில் நிறையக் கிடைப்பார்கள், அவர்களுக்கு வேண்டியது சம்பளம் மட்டும்தான்.

அப்புறம் கோச்சுகள். இந்த 24 பதிப்பில் புதிதாக செட் பீஸ் கோச் என்று ஒரு பதவி வந்திருக்கிறது. ஆர்சனலில் நிக்கோலா ஜோவர் செய்கிற அதே வேலை, கார்னரும் ஃப்ரீ கிக்கும் மட்டும். ஸ்ட்ரைக்கர் வாங்க வைத்திருந்த சம்பள இடத்தில் பாதியை இவருக்கும் ஒரு நல்ல பிசியோவுக்கும் போட்டேன். அடுத்த சீசனில் கார்னரில் இருந்து கோல்கள் வந்துகொண்டே இருந்தன, காயத்தில் படுத்த ஆட்களும் குறைந்தார்கள். நல்ல ஸ்ட்ரைக்கர் இல்லாமலே மேல்பாதியில் முடித்தோம். இந்த மாதிரி ஒரு முடிவுக்குப் பலன் கிடைக்கும்போது வருகிற சந்தோஷம், மேட்ச் ஜெயிப்பதைவிடப் பெரியது.

இதை ஆடிய பிறகு நம்ம சென்னையின் எஃப்சியைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. 2019-20 சீசனில் நடுவில் வந்த கோச் ஓவன் கோய்ல் இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார், ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். அடுத்த ஆஃப் சீசனில் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். சென்னை எட்டாவது இடத்துக்கு இறங்கியது, 2021-22-ல் லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கிற அணிக்குக் கொடுக்கிற ஷீல்டை ஜாம்ஷெட்பூர் தூக்கியது. லாஸ்லோ, பந்தோவிச், பிரதாரிச் என்று வருஷத்துக்கு ஒரு கோச் பார்த்துவிட்டு 2023-ல் மறுபடி கோய்லையே கூட்டிவந்தார்கள். ஒரு கோச்சை விடும்போது அவரை நம்பி வந்த ஆட்டக்காரர்களும் போவார்கள், புது கோச் தன் ஆட்களைக் கேட்பார், அதற்குப் புதுச் செலவு. அந்தச் செலவு எந்தச் செய்தியிலும் எண்ணாக வராது. கேமில் சம்பளப் பட்டியலில் கண்ணுக்கு முன்னால் ஏறும்.

குறைகளும் உண்டு, சின்னதும் இல்லை. ஆட்டக்காரர்களோடு பேசுகிற பகுதி சலிப்பு, அதே நாலு பதில்களைச் சுற்றிச் சுற்றித் தருகிறது. பெரிய கிளப் ஒன்று கேட்டுவிட்டால் நேற்று கையெழுத்துப் போட்ட ஆள்கூட இன்று முறைக்கிறார், அவருக்கு ஆதரவாக இன்னும் மூணு பேர் வந்து நிற்கிறார்கள். வேண்டாத ஆளை விற்பது பெரும்பாடு. விற்றுத் தர இடைத்தரகரை வைத்துக்கொள்ளும் வசதி 24-ல் வந்தது உதவிதான், ஆனால் கமிஷன் கடிக்கிறது. கம்ப்யூட்டர் நடத்துகிற கிளப்புகள் ஒரே இடத்துக்கு ஆள் ஆளாக வாங்கிக் குவிப்பதும் எரிச்சல். பிரான்ஸில் கிளப்புகளின் கணக்கைப் பார்க்கிற டிஎன்சிஜி நிஜத்தில் எவ்வளவு கறார் என்று எல்லோருக்கும் தெரியும், ஆறு முறை சாம்பியனான போர்தோவே 2024-ல் பணமில்லாமல் நாலாம் டிவிஷனுக்குப் போனது. கேமில் தப்பாகச் செலவழிக்கிற பெரிய கிளப்புக்கு அந்த அளவு வலி கிடைப்பதை நான் பார்க்கவில்லை.

தமிழ் கிடையாது என்பது என் பெரிய வருத்தம். திரை முழுக்க ஆங்கிலம், அதுவும் ஒப்பந்த மொழி. கால்பந்தை நன்றாகப் புரிந்துகொண்ட எத்தனையோ பசங்க இதைத் திறந்ததும் மூடிவிடுவார்கள்.

கேமின் அடுத்த பதிப்பான 25 வரவே இல்லை, 2025 பிப்ரவரியில் அதை ரத்து செய்துவிட்டார்கள். அந்த நவம்பரில் வந்த 26-ல் பெண்கள் கால்பந்து சேர்ந்தது, இந்துமதி கதிரேசனை இந்திய அணிக்கு அனுப்பிய கடலூர் பக்கத்தில் இருக்கிற எனக்கு அது மனசுக்கு நிறைவு. ஆனால் மெனுக்கள் எல்லாம் இடம் மாறி, ஒரு ஒப்பந்தத்தைத் தேடவே ரெண்டு மூணு திரை போக வேண்டியிருக்கிறது. 24 ஏற்கெனவே வைத்திருந்தால் அதையே ஆடுங்கள். 26 வாங்குவதாக இருந்தால் தள்ளுபடி வரும்வரை பொறுங்கள். எடுத்ததும் பெரிய கிளப் வேண்டாம், காசில்லாத ஒரு இரண்டாம் டிவிஷன் அணியை எடுங்கள், முதல் ஜூன் மாதத்தை மட்டும் அவசரப்படாமல் ஆடுங்கள்.