முடியா, கண்ணா, கல்லா? ரோமானியப் பளிங்குத் தலையின் காலத்தை எதை நம்பிச் சொல்வது

பளிங்கில் செதுக்கிய ஒரு ரோமானியத் தலை. மூக்கு உடைந்திருக்கிறது. கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. பெயர் பொறித்த பீடம் எப்போதோ காணாமல் போய்விட்டது. எந்த மண்ணிலிருந்து எடுத்தார்கள் என்றும் யாரும் எழுதி வைக்கவில்லை. ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களில் இப்படி அநாதையாக நிற்கும் தலைகள் ஏராளம். அவற்றுக்கும் கீழே 'கி.பி. 2ஆம் நூற்றாண்டு' என்று ஓர் அட்டை இருக்கத்தான் செய்கிறது. எதை வைத்து அதை எழுதுகிறார்கள்? முடி அலங்காரம், கண்ணைச் செதுக்கிய விதம், மார்புப் பகுதியின் அளவு, கல்லின் ஆய்வுக்கூடச் சோதனை, கிடைத்த இடம் என்று ஐந்து வழிகள் உண்டு. ஐந்துக்கும் ஒரே மரியாதை கிடையாது.

ஆய்வுக்கூடத்தையே முதலில் எடுத்துக்கொள்ளலாம், எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். கார்பன்-14 இங்கே உதவாது. பளிங்கிலும் கார்பன் இருக்கிறது, ஆனால் அது கல் உருவான காலத்துக் கார்பன், பல கோடி ஆண்டு பழையது. உளி எப்போது பட்டது என்பது அதில் பதிவாவதில்லை. கார்பன், ஆக்சிஜன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதங்களை அளந்து கல் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று கணிக்கலாம். கிரேக்கப் பளிங்குகளில் இதைச் செய்து காட்டிய கிரெய்க் தம்பதியின் கட்டுரை 1972இல் வந்தது. சிக்கல் என்னவென்றால், பல சுரங்கங்களின் அளவுகள் ஒன்றோடொன்று மேற்படியும். அதனால் மணித்துகளின் பருமன், டோலமைட் என்ற கனிமம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அப்படியும் கிடைப்பது ஊர்தான், ஆண்டு அல்ல. இத்தாலியின் கராரா சுரங்கங்கள் பெரிய அளவில் வேலைக்கு வந்தது கி.மு. 1ஆம் நூற்றாண்டில் என்பதால் 'அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு குறைவு' என்று ஒரு கீழ் எல்லை போடலாம். என் கணக்கில் ஆய்வுக்கூடத்தின் நிஜமான பயன் போலிச் சிலையைப் பிடிப்பதில்தான்.

முடி அலங்காரம் வேறு ரகம். பழைய கல்யாண போட்டோவில் பெல்பாட்டத்தைப் பார்த்ததும் எழுபதுகள் என்று சொல்லிவிடுகிறோமே, அதே தர்க்கம். அரச குடும்பத்தின் அலங்காரத்தை ஊரே பின்பற்றியது. அரச குடும்பத்தின் அலங்காரம் எந்த ஆண்டில் எப்படி இருந்தது என்பதைக் காசுகள் சொல்கின்றன. முகம், பெயர், பல சமயம் பதவி ஆண்டு எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது காசில்தான். (கோவை, கரூர் பக்கம் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பகுதி அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. அந்த இருவரின் பக்கவாட்டு முகங்களும் நம் மண்ணுக்கும் பழக்கமானவைதான்.)

இந்த வழி எவ்வளவு கூர்மையாகப் போகும் என்பதற்கு பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸின் மனைவி ஃபௌஸ்டினா ஒருவரே போதும். கி.பி. 147இல் முதல் குழந்தை பிறந்ததும் அவளுக்கு அரச குடும்பப் பெண்களின் உயர்ந்த பட்டமான அகுஸ்டா வந்தது. அடுத்த முப்பது ஆண்டுக்குள் அவளுடைய முகச்சிலைகளில் ஒன்பது வகை உருவானதாக ஜெர்மானிய அறிஞர் கிளாஸ் ஃபிட்ஷென் பிரித்துக் காட்டினார். கொண்டை உச்சியில் இருக்கிறதா, பிடரிக்கு இறங்கிவிட்டதா, நெற்றியோரம் அலை எத்தனை என்று பார்த்தே சில ஆண்டு இடைவெளிக்குள் காலத்தைக் கொண்டுவந்துவிடலாம். ஆண்களில் அகஸ்டஸுக்கு நெற்றியின் மேல் முடிக்கற்றை கவட்டைபோலப் பிரியும், பக்கத்தில் இன்னொரு ஜோடி இடுக்கிபோலச் சேரும். மூக்கும் வாயும் போனாலும் அந்த நாலு கற்றை மிஞ்சினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

சரி, எங்கே இது சறுக்கும்? பெல்பாட்டத்தை எண்பத்தைந்திலும் விடாத சித்தப்பாவிடம்தான். இளமையில் பழகிய அலங்காரத்தோடே முதுமையில் சிலைக்கு அமர்ந்த பெண்கள் இருந்தார்கள். ரோமின் கபிட்டோலின் அருங்காட்சியகத்தில் ஃபொன்சேகா மார்புச் சிலை என்று ஒன்று உண்டு. நெற்றிக்கு மேல் தேன்கூடாக எழும் சுருள்கள், ஒவ்வொரு சுருளின் நடுவிலும் துளைப்பான் போட்ட ஆழக் குழி. நெடுங்காலம் அது ஃப்ளேவியர் காலம், அதாவது கி.பி. 1ஆம் நூற்றாண்டின் கடைசி என்றே பாடப்புத்தகங்களில் இருந்தது. பிறகு டிராஜன், ஹேட்ரியன் என்ற பேரரசர்களின் காலத்துக்கு, அதாவது 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு, நகர்த்தச் சிலர் வாதாடினார்கள். இத்தனை பேர் பார்த்த சிலைக்கே ஒரு தலைமுறை வித்தியாசம்.

ஆண்களிடம் ஆபத்து இன்னும் அதிகம். சுருக்கம் விழுந்த, பல் போன கிழவர் முகம் என்றால் உடனே குடியரசுக் காலம், அதாவது பேரரசர்களுக்கு முந்தைய காலம் என்று சொல்லத் தோன்றும். அந்த மோஸ்தர் பின்னாலும் திரும்பி வந்தது. 1ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆண்ட பேரரசர் வெஸ்பாசியனின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

கண் இவ்வளவு நுணுக்கமாகப் பேசாது, ஆனால் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும். ஏறக்குறைய கி.பி. 130 வரை பளிங்கில் விழியை வழவழவென்று விட்டுவிட்டு கருவிழியை வண்ணத்தால் தீட்டினார்கள். ஹேட்ரியன் காலத்தில் கருவிழியின் வட்டத்தைக் கீறி, நடுவே பாவையைத் துளைக்கத் தொடங்கினார்கள். ஆகவே துளைத்த கண் என்றால் பெரும்பாலும் 130க்குப் பின். வழவழப்பான கண் என்றால் அநேகமாக முன், ஆனால் உறுதியில்லை. பழைய வழக்கத்தை விடாத பட்டறைகளும் உண்டு. பழைய தலைக்குப் பிற்காலத்தில் கண் துளைத்தவர்களும் உண்டு.

கண்ணோடு தோலையும் முடியையும் சேர்த்துப் பார்த்தால் பலம் கூடும். கபிட்டோலினிலேயே இருக்கும், 1874இல் எஸ்குவிலின் குன்றில் கிடைத்த ஹெர்குலிஸ் வேடத்துப் பேரரசர் கொம்மோடஸ் சிலையின் பக்கத்தில் போய் நின்றால் தெரியும்: கன்னம் பீங்கான்போலப் பளபளக்கிறது, தாடியும் முடியும் துளைப்பானால் குடைந்த இருட்டுக் கால்வாய்களாக இருக்கின்றன. அந்த முரண்தான் 2ஆம் நூற்றாண்டின் பிற்பாதியின் கையெழுத்து. 3ஆம் நூற்றாண்டில் நேர்மாறு. முடியை ஒட்ட வெட்டி, உளி முனையால் கொத்திக் கொத்திப் புள்ளியாக விட்டிருப்பார்கள்.

மார்பின் அளவு சுலபமான கணக்கு, மிஞ்சியிருந்தால். 1ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கழுத்தெலும்போடு நின்றுவிடும். டிராஜன் காலத்தில் மார்புத் தசை வரை வரும். ஹேட்ரியன் காலத்தில் மேற்கையின் தொடக்கம் தெரியும், அதற்கப்புறம் இன்னும் நீளும். தலை மட்டும் கிடைத்தவருக்கு இதனால் பயனில்லை.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் பொது எதிரி மறுசெதுக்கல். ஓர் அரசன் வீழ்ந்தால் அவன் தலையை எறியாமல் அடுத்தவனாக்கிவிடுவார்கள், பளிங்கு விலை அப்படி. நீரோ வெஸ்பாசியன் ஆனான், 96இல் கொல்லப்பட்ட டொமிஷியன் நெர்வா ஆனான். கண்டுபிடிக்க முன்னால் பார்க்காதீர்கள், பக்கத்திலும் பின்னாலும் போங்கள். கல்லைக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. அதனால் முகம் ஒடுங்கியிருக்கும், காதோ பழைய அளவிலேயே பெரிதாக நிற்கும், பிடரியில் முந்தைய ஆளின் முடி அப்படியே கிடக்கும். இப்படிப்பட்ட தலைக்கு ஒரு தேதி போதாது, இரண்டு வேண்டும்.

கிடைத்த இடமும் பழைய பதிவும் தெரிந்தால் மற்ற எல்லாம் பின்வரிசைக்குப் போகும். 2018இல் டெக்ஸாஸின் ஆஸ்டினில் பயன்படுத்திய சாமான்கள் விற்கும் ஒரு கடையில் 34.99 டாலருக்கு விற்ற பளிங்குத் தலை நினைவிருக்கலாம். அது ஜெர்மனியின் அஷாஃபென்பர்க்கில் போம்பெயானும் மாளிகையில் இருந்தது என்பதை 1930களின் புகைப்படங்கள் காட்டிக்கொடுத்தன. 2023இல் ஜெர்மனிக்கே திரும்பியது. வேடிக்கை என்னவென்றால், அந்த முகம் செக்ஸ்டஸ் பாம்பேயா, ட்ரூசஸ் ஜெர்மானிக்கஸா என்று ஆள் மாறினாலும் கி.மு. 1ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது என்ற காலக்கணிப்பு நின்றது. 'யார்' என்ற கேள்வி வேறு, 'எப்போது' என்ற கேள்வி வேறு.

இரண்டையும் ஒன்றாகக் கட்டியதால் வந்த வம்புதான் ஆர்ல் சிலை. 2007இல் பிரான்சின் ஆர்ல் நகரில், ரோன் நதியடியில் தொல்லியலாளர் லூக் லோங் குழுவின் முக்குளிப்பாளர்கள் எடுத்த இந்தத் தலையை ஜூலியஸ் சீசர் என்று 2008இல் அறிவித்தார்கள். ஆர்லின் ரோமானியக் குடியேற்றம் கி.மு. 46இல் உருவானது, ஆகவே சிலையும் அப்போதைக்கு என்பது வாதம். பவுல் ட்சாங்கர் போன்ற தொல்லியல் அறிஞர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்து ரோமானியர் பலர் சீசர் சாயலில்தான் தங்களைச் செதுக்கிக்கொண்டார்கள் என்றார்கள். ஆற்றடியில் கிடைத்த பொருளுக்கு மண்ணடுக்கின் சாட்சியும் பலவீனம். கல்லோ ஃபிரிஜியாவின் (இன்றைய துருக்கி) டோகிமெயோன் பளிங்கு. அதிலிருந்து ஆண்டு வராது.

எதிரே இத்தாலியின் டூரினில் இருக்கும் டஸ்குலம் தலையை வையுங்கள். 1825இல் லூசியன் போனபார்ட்டின் அகழ்வில் வந்தது. 1940இல் மௌரிசியோ போர்தா அதை சீசர் என்று அடையாளம் காட்டியது கி.மு. 44இல் மெட்டியஸ் என்ற நாணய அதிகாரி வெளியிட்ட சீசர் முகக் காசோடு ஒப்பிட்டு: மெலிந்த நீளக் கழுத்து, அதில் மடிப்புகள், பின்னுக்கு ஏறிய நெற்றி. உச்சந்தலையில் சேணம் வைத்ததுபோல ஒரு பள்ளம் வேறு. அழகுக்காக எந்தச் சிற்பியும் அதைச் சேர்க்க மாட்டான். ஆர்ல் தலையின் கழுத்தில் இந்த மடிப்புகள் இப்படி இல்லை. டஸ்குலம் தலையை நான் சீசர் என்றே ஏற்பேன். ஆர்ல் தலைக்கு அட்டை எழுதச் சொன்னால், 'ஒரு ரோமானியர், கி.மு. 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி' என்று மட்டும் எழுதுவேன்.