2,860 வெள்ளி போச்சு: பழைய மினியின் பின்சக்கர வேலையைக் கொடுக்குமுன் இதைப் படியுங்கள்

2,860 வெள்ளி. என் பழைய மினி காரின் பின்பக்க சஸ்பென்ஷனை (சக்கரத்தைத் தாங்கி அதிர்ச்சியை வாங்கும் அமைப்பு) இரண்டு பக்கமும் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டித் தருவதாகச் சொல்லி வாங்கிய காசு. நேற்று சாயங்காலம் வேறொரு பட்டறையில் ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தபோது தெரிந்தது: வலது பக்கம் அரைகுறை வேலை, இடது பக்கம் கறுப்புப் பெயின்ட் மட்டும். வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொருவர் அங்கே போய் நிற்கக் கூடாது. எப்படிச் சரிபார்ப்பது என்றும் கடைசியில் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. சிங்கப்பூரில் ஒரு தொழிற்பேட்டைக்குள் இருக்கும் சின்ன ஒர்க்‌ஷாப். பழைய பிரிட்டிஷ் கார் மட்டும்தான் எடுப்போம் என்று சொல்லிக்கொள்ளும் இடம். பேசுகிறவர் நம்ம தமிழ்க்காரர்.

வண்டியின் கோளாறு புதிதல்ல. இடது பின்சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நின்றது, மேடு ஏறி இறங்கினால் 'டக்' என்று சத்தம். மினியில் பின்சக்கரத்தைத் தாங்குவது ரேடியஸ் ஆர்ம். அது 13/16 அங்குல ஷாஃப்ட் ஒன்றின்மேல் ஏறி இறங்குகிறது. ஒரு முனையில் நீடில் பேரிங் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்டது), மறு முனையில் வெண்கல புஷ் (ஷாஃப்ட் நுழையும் சின்னக் குழாய்). ஆர்ம் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை, சில டிகிரிதான் அசையும். அதனால் பேரிங்கின் ஊசிகள் எப்போதும் ஒரே இடத்தில் அழுத்தி ஷாஃப்டில் பள்ளம் போடும். வெளிமுனையில் இருக்கும் நிப்பிள் வழியாக கிரீஸ் அடிக்காமல் விட்டால், மழைத்தண்ணீர் புகுந்து இன்னும் சீக்கிரம் கெடும். ஷாஃப்டின் மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தியது. அது பெயர்ந்துவிட்டால் ஷாஃப்ட், பேரிங், புஷ் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இந்த வேலையில் எல்லாம் ரீமரில்தான் (துளையை அளவாகச் சீவும் கருவி) இருக்கிறது. புது புஷ்ஷை அழுத்தி ஏற்றிய பிறகு, மறுமுனை பேரிங்கோடு ஒரே நேர்கோட்டில் வருகிற மாதிரி, வழிகாட்டித் தண்டு உள்ள நீள ரீமரை விட்டு உட்துளையைச் சீவ வேண்டும். சீவாவிட்டால் ஷாஃப்ட் நுழையாது, நுழைந்தாலும் இறுகும். அந்த ரீமர் எல்லாப் பட்டறையிலும் கிடையாது.

நம்பியது அந்த இடத்தில்தான். அந்தத் தமிழ்க்காரர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து, எண்ணெய்த் துணியைப் பிரித்து, ரீமரைக் கையில் கொடுத்தார். "அண்ணே, இது இல்லாம புஷ் போட்டா ஆறு மாசம் தாங்காது. நாங்க அப்படிச் செய்யறதில்ல." சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தொழில் தெரியாதவன் பேசுகிற பேச்சே இல்லை. ஷாஃப்ட் 2, பேரிங் 2, புஷ் 2, நக்கிள் ஜாயின்ட் (ஆர்மோடு சேரும் பந்து மூட்டு) 2, ஷாக் அப்சார்பர் 2, ரப்பர் சீல், வாஷர் எல்லாம் சேர்த்துத்தான் 2,860 என்றார். அங்கேயே பேநவ்வில் (கைப்பேசி வழி வங்கிப் பணமாற்று) 2,000 போனது. மூன்று வாரம் கழித்து வண்டியை எடுக்கும்போது மீதி 860. ரசீதில் ஒரே வரி: ரியர் சஸ்பென்ஷன் ஓவர்ஹால்.

எடுத்த அன்றே சத்தம் இருந்தது. பதில்களைக் கேளுங்கள்.

முதல் நாள்: "புது ரப்பர்ணே, செட் ஆகணும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க." மினியில் ஸ்பிரிங் வேலையைச் செய்யும் ரப்பர் கோனை மாற்றவே இல்லை, பட்டியலிலேயே கிடையாது! அதோடு பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிவான கார் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓடலாம். இந்தத் தீவுக்குள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் வண்டியில் ஆயிரம் கிலோமீட்டர் ஓட எத்தனை மாசம் ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொல்கிறார். குறை வெளியே வருவதற்குள் நாள் கடந்துவிடும்.

அடுத்த வாரம்: "பழைய கார்னா அப்படித்தான்ணே." அப்புறம் "ஜொகூர்ல இருக்கேன், வந்து பார்க்கிறேன்." அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். கழற்றிய பழைய சாமானைக் கேட்டதற்கு, "அதெல்லாம் அன்னைக்கே குப்பைக்குப் போயிருச்சு."

இனி நேற்றுப் பார்த்தது.

ஆர்மை வெளியே எடுக்க வேண்டுமென்றால் ஷாக் அப்சார்பரைக் கழற்றி, ஆர்மை இறக்கி, டிரம்பெட்டை (ஆர்முக்கும் ரப்பர் கோனுக்கும் நடுவில் நிற்கும் தண்டு) உருவி, ஹேண்ட்பிரேக் கேபிளை விடுவித்து, பிரேக் ஹோஸைப் பிரித்து, வெளி பிராக்கெட்டின் போல்ட்டுகளையும் ஷாஃப்டின் இரு பக்க நட்டுகளையும் எடுக்க வேண்டும். இடது பக்கம் பிரேக் ஹோஸின் நட்டில் பழைய துரு அப்படியே இருந்தது. ஸ்பானர் பட்டிருந்தால் ஆறு முனையில் ஒன்றாவது பளபளக்கும். ஒன்றும் இல்லை. அதே பக்கத்தில் ஷாக் அப்சார்பரின் மேல் நட்டு, டிக்கிக்குள் பெட்ரோல் டாங்குக்குப் பின்னால் மறைந்திருக்கும். டாங்கின் பட்டையைத் தளர்த்தி நகர்த்தாமல் கை போகாது. பட்டை போல்ட்டின்மேல் வருடக்கணக்கான தூசி, விரலால் தொட்டால்தான் கோடு விழுந்தது. டாங்கை நகர்த்தும் சிரமத்துக்காக, கோளாறு சொன்ன பக்கத்தையே தொடாமல் விட்டிருக்கிறார்கள். வெளியே தெரிகிற ஆர்முக்குப் பெயின்ட் அடித்து, நிப்பிளைச் சுற்றி கிரீஸ் தடவிக் கொடுத்துவிட்டார்கள்.

வலது பக்கம் கழற்றியிருக்கிறார்கள். ஷாக் அப்சார்பர் புதிது, புஷ்ஷும் பேரிங்கும் புதிது. ஷாஃப்ட் பழையது. ஷாக் அப்சார்பரையும் டிரம்பெட்டையும் எடுத்துவிட்டால் ஆர்ம் தன் பாரத்திலேயே கீழே இறங்க வேண்டும். இது விட்ட இடத்தில் நின்றது. ஷாஃப்டைத் தட்டி வெளியே எடுத்தால், மேலெல்லாம் குறுக்கும் நெடுக்குமாக எமரி பேப்பர் கோடு. புஷ்ஷைச் சீவுவதற்குப் பதிலாக ஷாஃப்டைத் தேய்த்துச் சின்னதாக்கி அடித்து ஏற்றியிருக்கிறார்கள். புஷ் பக்கம் இறுக்கம், பேரிங் பக்கம் ஆட்டம். புது பேரிங்கும் இனி குப்பைதான். நக்கிள் ஜாயின்ட்டின் பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. ஹோஸ் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. ஆளோடு போகிற வண்டியில், பிரேக் ஹோஸ்!

அந்த மரப்பெட்டி ரீமர் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு மட்டும்தான் போலிருக்கிறது. 2,860 வெள்ளி வாங்கிக்கொண்டு அதை ஒரு முறை உள்ளே விட மனசு வரவில்லை.

சரிபார்ப்பது பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: பழைய ஷாஃப்டையும் பேரிங்கையும் கையில் தந்தால்தான் மீதிக் காசு என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ரசீதில் ஒவ்வொரு சாமானும் தனி வரியாக இருக்க வேண்டும். வண்டியை விடும் முன் ஹோஸ் நட்டு, டாங்கு பட்டை போல்ட், வெளி பிராக்கெட் போல்ட் எல்லாவற்றிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள். ஆர்மைத் திரும்பப் பூட்டும் நாளில், டிரம்பெட் போடுவதற்கு முன் நேரில் போய்க் கையால் தூக்கி விட்டுப் பாருங்கள். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம்.

படங்களோடு ஸ்மால் கிளெய்ம்ஸ் (சின்னத் தொகை வழக்கு) நடுவர் மன்றத்துக்கு இந்த வாரமே மனு போகிறது. 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இதே மாதிரி ஒற்றை வரி ரசீது யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.