யாரோ வாசித்த டிரம்ஸ், நம்முடைய பாட்டு: ரீப்பர் நீண்டகாலப் பயன்பாட்டில்

எங்கோ கிடைத்த டிரம்ஸ் பதிவின்மேல் வீட்டிலேயே புதுப் பாட்டு கட்ட ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருள் சரிப்படுமா? சரிப்படும், ஆனால் நிறுவியபடியே விட்டால் சரிப்படாது. முதலில் மாற்ற வேண்டியது டைம்பேஸ், அதாவது கோப்பு தாளத்தோடு ஒட்டுமா, கடிகார நேரத்தோடு ஒட்டுமா என்ற அமைப்பு. இயல்பாக அது 'பீட்ஸ்' என்று இருக்கும். அப்படியே டெம்போவை (பாட்டின் வேகத்தை) தொட்டால் டிரம்ஸ் கோப்பும் சேர்ந்து இழுபடும். டிரம்ஸ் டிராக்குக்கு மட்டும் 'டைம்' என்று வைத்துவிட்டால் கோப்பு அசையாது, திரையில் தாளத்தைக் காட்டும் கோடுகளான கிரிட்தான் அசையும். இந்த வேலையில் டிரம்மர்தான் முதலாளி. கிரிட் அவர் பின்னால் போக வேண்டும்.

கிளிக் (காதில் ஒலிக்கும் தாளத் தட்டு) இல்லாமல் வாசித்த டிரம்ஸ் ஒரே வேகத்தில் நிற்காது. புராஜெக்ட் 92 பிபிஎம் (நிமிடத்துக்கு 92 பீட்), வாசிப்பு 93 என்றாலே 4/4 தாளத்தில் நான்கு பீட் கொண்ட ஒரு பாருக்கு 28 மில்லிசெகண்ட் விலகும். 16 பார் போனால் கிட்டத்தட்ட 0.45 விநாடி. தானாக டெம்போ கண்டுபிடிக்கும் வசதியை நம்ப வேண்டாம். பல நேரம் பாதி வேகத்தையோ இரட்டை வேகத்தையோ காட்டும். கையால் செய்வதே மேல்: டேப் (Tab) விசையால் அடிக்கு அடி தாவி, ஒவ்வொரு பாரின் முதல் கிக்கிலும் (கால் டிரம் அடியிலும்) அந்த இடத்து வேகத்தைக் குறிக்கும் ஒரு டெம்போ மார்க்கர். எஸ்டபிள்யூஎஸ் என்ற இலவச இணைப்பைப் போட்டால் கிரிட் கோட்டையே மவுஸால் இழுத்து அடியின்மேல் வைக்கலாம். 3 நிமிடப் பாட்டுக்கு 70 பாருக்குள்தான் வரும். ஒவ்வொரு பீட்டுக்கும் மார்க்கர் வைக்கும் ஆசை மட்டும் வேண்டாம். ஹை-ஹாட் சிம்பலின் ஸ்விங் (சற்றே முன்பின்னாக ஆடும் நடை) கிரிட்டுக்குள் புதைந்து, மிடியில் (ஒலியாக அல்லாமல் நோட்டுக் குறிப்புகளாக) வாசிக்கும் பேஸ் வாத்தியம் நொண்டும். மிடி நோட்டுகளைக் கிரிட்டுக்கு இழுக்கும் குவாண்டைஸையும் 50-60 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

வேகம் கூடி, சுருதியும் ஒன்றரை செமிடோன் (அரைச் சுரம்) போல ஏறிக் கேட்டால், 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் கோப்பு 48-ஆக வாசிக்கப்படுகிறதா என்று பாருங்கள். பாட்டின் சுருதியையும் ஸ்நேர், டாம் இவற்றின் ரீங்காரத்தைக் கேட்டபிறகே முடிவு செய்வது நல்லது. டிரம்ஸில் ஓரளவு தப்பிக்கலாம். மிருதங்கப் பதிவில் வழியே இல்லை. வலந்தலை எந்தக் கட்டையில் கூட்டியிருக்கிறதோ அதுதான் பாட்டின் ஆதார சுருதி. இரண்டு செமிடோனுக்குமேல் பிட்ச் ஷிஃப்ட் செய்தால் (சுருதியை மாற்றினால்) தோல் சத்தம் போய் பிளாஸ்டிக் சத்தம் வந்துவிடும்.

திரும்பத் திரும்ப ஓடும் லூப் எடுக்கும்போது அடிக்கு 5 மில்லிசெகண்ட் முன்னால் வெட்டி, ஒட்டும் இடத்தில் ஒலிகள் ஒன்றில் ஒன்று கரையும்படி சிறிய கிராஸ்ஃபேட் கொடுங்கள். குரூவின் (தொடர்ந்து வரும் தாள நடையின்) முதல் பாரை எடுக்காதீர்கள். அதன் தொடக்கத்தில் முந்தைய சிம்பலின் வால் இருக்காது. திரும்பி வரும்போது மூச்சு அறுந்ததுபோல் கேட்கும். இரண்டாவது பார் பாதுகாப்பு. பல மைக் டிராக்குகள் கிடைத்திருந்தால் எல்லாம் ஒரே இடத்தில் வெட்டுப்பட, வெட்டும் முன் குரூப் செய்வது கட்டாயம். ஒரு மீட்டர் தள்ளி மேலே இருந்த ஓவர்ஹெட் மைக்குக்குச் சத்தம் சுமார் 3 மில்லிசெகண்ட் தாமதமாகப் போயிருக்கும். அந்த உறவு ஒவ்வொரு வெட்டிலும் மாறினால் ஸ்நேரின் உடம்பே காணாமல் போகும்.

ஒரே ஸ்டீரியோ கோப்பு, கிக் பலவீனம் என்றால் ரீப்பரோடு வரும் கருவிகளே போதும். டிரம்ஸின் நகலில், சத்தம் ஓரளவைத் தாண்டினால் மட்டும் திறக்கும் ரியாகேட். கீழ் ஒலிகளை மட்டும் விடும் அதன் லோபாஸை 100 ஹெர்ட்ஸ் அருகில் வைத்து, கேட் திறக்கும்போது மிடி அனுப்பச் சொல்லுங்கள். அடுத்து, மிடி வரும்போது ஒலிக்கோப்பை வாசிக்கும் ரியாசாம்ப்லோமேட்டிக்கில் ஒரு கிக் சாம்பிள். ஃப்ளோர் டாமும் அதைத் தூண்டும், அந்த நோட்டுகளைக் கையால்தான் அழிக்க வேண்டும். பிறகு சாம்பிளின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிக் கேட்டு, அடிச்சத்தம் தடிமனாக இருக்கும் பக்கம் விடுங்கள்.

பதிவின் பின்னணி இரைச்சலை, ரீப்பரின் ரியாஃபிர் கருவியில் சப்ட்ராக்ட் (கழித்தல்) முறையில் முழுக்கத் துடைத்தால் சிம்பல் தண்ணீருக்குள் போய்விடும். பாதி குறைத்துவிட்டு, டிரம்ஸ் நிற்கும் இடங்களிலும் அதே இரைச்சலை நிரப்பினால் காது அதைக் கவனிக்காது.

ஃப்ரீசவுண்ட் போன்ற ஒலிப்பகிர்வுத் தளங்களில் எடுத்தால் உரிமத்தைப் பாருங்கள்: சிசி0 என்றால் கவலையில்லை, 'பை' என்றால் பெயர் போட வேண்டும், 'என்சி' இருந்தால் வருமானம் வரும் பாட்டுக்கு ஆகாது.

ரீப்பரை 60 நாள் முழுதாகச் சோதிக்கலாம்; தனிநபர் உரிமம் 60 டாலர். இந்த வேலைக்கு அந்தக் காசு தகும். மெனுக்களின் அடர்த்திதான் தொல்லை: அடிகளைக் கண்டுபிடித்துக் கோப்பைத் தானாக வெட்டும் டைனமிக் ஸ்ப்ளிட் பெட்டியில் இருக்கும் அத்தனை அமைப்புகளில் த்ரெஷோல்டும் சென்சிட்டிவிட்டியும்தான் பெரும்பாலும் தேவைப்படும், மற்றவற்றைத் தொடாமல் விடலாம்.