யமஹாவில் பழைய ஸ்டைல்: அப்படியே வாசிப்பதா, குரல் மாற்றுவதா?

யமஹா கீபோர்டில் ஸ்டைல் என்பது நாம் பிடிக்கும் கார்டுக்கு (சுரக்கூட்டுக்கு) ஏற்ப டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் தானாக வாசிக்கும் பக்கவாத்தியக் கோப்பு. ஃபிளாப்பி காலத்து பிஎஸ்ஆர் வரிசை கீபோர்டுகளின் ஸ்டைல்களை, அதே வரிசையில் பின்னால் வந்த எஸ்எக்ஸ்900-இல் யுஎஸ்பி வழியாகப் போட்டால் பெரும்பாலும் உடனே ஓடும். ஸ்டைல் கோப்பில் இருப்பது ஒலிப்பதிவு அல்ல, மிடி குறிப்புகள்தான், அதாவது எந்தச் சுரத்தை எப்போது, எவ்வளவு பலமாக வாசிப்பது என்ற கட்டளைகள். எந்தக் குரல் (வாய்ஸ், அதாவது வாத்திய ஒலி) வேண்டும் என்ற எண்ணும் அதிலேயே இருக்கிறது. அதனால் அப்படியே வாசித்தால் டிரம்ஸ் கொஞ்சம் மெலிந்து ஒலிக்கும். ஆனால் பழைய தாளத்தின் ஓட்டம் கெடாது. மேடைக்கு அவசரம் என்றால் இது போதும்.

குரல்களை மாற்றுவது வேறு கதை. டிரம்ஸில் துணிந்து கை வைக்கலாம். புதிய டிரம் கிட் (டிரம்ஸ் ஒலித் தொகுப்பு) ஒன்றை வைத்தாலே பாதி வயது குறைந்துவிடும், அவ்வளவு அழகு! பேஸும் அப்படித்தான், ஒலியளவை மட்டும் சரிபார்க்க வேண்டும். கிட்டார்தான் சிக்கல். மெகா வாய்ஸ் என்ற யமஹாவின் சிறப்புக் குரல் வகையில், கிட்டார் சுரம் எவ்வளவு பலமாக வாசிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து ஸ்லைடு (வழுக்கல்), மியூட் (அடக்கிய ஒலி) என ஒலியே மாறும். பழைய ஸ்டைலின் குறிப்புகள் அதை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. ஆகவே நடுவில் கண்ட இடத்தில் ஸ்லைடும் மியூட்டும் கேட்கும். போதாததற்கு, கிட்டார் விரலமைப்புப்படி கார்டை மாற்றும் விதிகள் 2008-இல் யமஹாவின் டைரோஸ்3 கீபோர்டுடன் வந்த எஸ்எஃப்எஃப் ஜிஇ என்ற ஸ்டைல் கோப்பு வடிவத்தில்தான் உண்டு.

என் தேர்வு: டிரம்ஸ், பேஸ் இரண்டையும் மாற்றி, கிட்டாரைத் தொடாமல், கீபோர்டிலேயே ஸ்டைலைத் திருத்த உள்ள ஸ்டைல் கிரியேட்டரில் புதுப் பெயரில் சேமிப்பது. மூலக் கோப்பை மேலெழுத வேண்டாம். பழைய கீபோர்டில் வாசிக்க அது மறுபடி தேவைப்படும்.