ஓவர் டிரைவ் சுவிட்ச்: கம்ப்யூட்டரிடம் சொல்வதா, சோலனாய்டுக்கே லைன் கொடுப்பதா?

1990களின் பிராடோ மாதிரி பழைய டொயோட்டா ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை என்றாவது ஒரு நாள் வரும். ஓவர் டிரைவ் என்பது நாலாவது கியர்; அதை விலக்க கியர் லீவரில் இருக்கும் பட்டனை அமுக்கினால் மீட்டரில் 'ஓ/டி ஆஃப்' விளக்கு எரியாது, நாலாவது கியரும் விலகாது. என் வண்டியிலும் அதுதான் ஆனது. லீவரைப் பிரித்துப் பழைய பட்டனையே சரி செய்யலாம்; டேஷ்போர்டில் தனி சுவிட்ச் வைத்து அதே பட்டன் வயரில் சேர்க்கலாம்; கியரை முடிவு செய்யும் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, கியர்பாக்ஸுக்குள் கரண்டில் இயங்கும் வால்வான சோலனாய்டுக்கே நேராக லைன் கொடுக்கலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். மூன்றாவதை யாரும் செய்யக்கூடாது என்பது என் கட்சி.

பட்டன் இல்லாவிட்டால் என்ன குறை என்று கேட்பவர்கள் ஏற்காட்டை நினைத்துக் கேட்கிறார்கள். அங்கே குறை இல்லைதான். அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போது லீவர் 2-லோ எல்-லோ இருக்கும். நாலாவது கியருக்கு வேலையே இல்லை. தேவைப்படும் இடம் தொப்பூர். தருமபுரியிலிருந்து சேலம் வரும்போது அந்த இறக்கத்தில் வண்டி நாலாவதிலேயே கிடந்தால் இன்ஜின் பிடிக்காது, பிரேக்கிலேயே கால் இருக்கும். லீவரை 2-க்கு இழுத்தால் அந்த வேகத்துக்கு அது மிகக் கீழ் கியர். நடுவில் இருக்கும் மூன்றாவது கியரைப் பிடித்து வைக்க அந்த ஒரு பட்டன்தான் வழி. நாலாவதின் விகிதம் சுமார் 0.7 முதல் 0.75 வரை, மூன்றாவது சரியாக 1. நாலாவதில் இன்ஜின் 2,000 சுற்று ஓடும் வேகத்தில் மூன்றாவதில் 2,650-க்கு மேல் ஓடும். அந்தக் கூடுதல் சுற்றுதான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது.

இனி வயரிங். பட்டன் செய்யும் வேலை மிகச் சின்னது: கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஒரு வயரை எர்த்தில் சேர்க்கிறது, அவ்வளவுதான். எர்த் கிடைத்ததும் மீட்டரில் விளக்கு எரியும், கம்ப்யூட்டர் நாலாவதை விலக்கிவிடும். அந்த வயர் லீவருக்குள்ளேயே ஏறிப் போகிறது. 'பி'-யிலிருந்து 'டி'-க்கு இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது மடங்குகிறது, வருடக்கணக்கில் மடங்கி உள்ளே அறுந்துபோகிறது. பழைய பட்டனையே சரி செய்வதில் தோற்றம் கெடாது, விற்கும்போது பேச்சு வராது. பட்டனோடு கைப்பிடி புதிதாகக் கிடைத்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஒட்டுப் போட்டுச் சமாளித்தால் மறுபடி அதே மடிப்பில்தான் அறும்.

கொண்டலாம்பட்டி பக்கம் எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னது வேறு: "எதுக்குங்கண்ணா கம்ப்யூட்டரு, நேரா சோலனாய்டுக்கே லைன் குடுத்துரலாங்கண்ணா." கைத்தேர்ச்சி உள்ளவர்தான். ஆனால் இந்தக் கியர்பாக்ஸில் ஓவர் டிரைவுக்கென்று தனி சோலனாய்டு கிடையாது. இரண்டு சோலனாய்டு சேர்ந்து நாலு கியரையும் முடிவு செய்கின்றன. முதலாவதுக்கு மட்டும் கரண்ட் வந்தால் முதல் கியர், இரண்டுக்கும் வந்தால் இரண்டாவது, இரண்டாவதுக்கு மட்டும் வந்தால் மூன்றாவது, எதற்கும் வராவிட்டால் நாலாவது. நாலாவதை மூன்றாவதாக்க இரண்டாம் சோலனாய்டுக்கு 12 வோல்ட் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். தொப்பூரில் சரியாகவே ஓடும். டோல்கேட்டில் நின்று கிளம்பும்போது கம்ப்யூட்டர் முதல் கியருக்காக முதல் சோலனாய்டை இயக்கும். உங்கள் லைன் இரண்டாவதையும் இயக்கிக்கொண்டிருக்கும். வண்டி இரண்டாம் கியரில் கிளம்பும். மூட்டை ஏற்றிக்கொண்டு ஏற்காடு ஏறும்போது, எதிரே பஸ்ஸுக்காக வளைவில் நின்று திரும்பக் கிளம்பினால் என்ன ஆகும்? இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கன்வெர்ட்டர் வழுக்கும், ஆயில் சூடாகும். இது போதாதென்று, கம்ப்யூட்டரின் அவுட்புட் வயரிலேயே வெளியிலிருந்து கரண்ட் திணிக்கிறோம். அது கெட்டால் சேலத்தில் மாற்றுக்கு எங்கே போவது?

எனக்கு முடிவைத் தந்தது விலையோ வேலை நேரமோ அல்ல, பராமரிப்பு. நாளைக்கு இந்த வயர் அறுந்தால் வண்டி எந்த கியரில் நிற்கும்? பட்டன் வயரில் சேர்த்த சுவிட்ச் அறுந்தால் வண்டி பழையபடி நாலு கியரிலும் ஓடும். உரசி எர்த் ஆகிவிட்டால் மூன்றாவதோடு நிற்கும், மீட்டரில் விளக்கும் எரிந்து காட்டிக்கொடுக்கும். முதல், இரண்டு, மூன்று எல்லாம் எப்போதும் கம்ப்யூட்டர் கையில். சோலனாய்டு லைனில் கோளாறு வந்தால் தப்பு கியரில் ஓடும், ஓ/டி விளக்கும் கண் சிமிட்டலாம். குற்றம் கியர்பாக்ஸிலா வயரிலா என்று தெரியாமல் மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கச் சொல்வார்.

செய்முறை சுலபம். லீவருக்குக் கீழே பட்டனின் கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, பட்டனுக்குப் போகும் இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். மீட்டரில் விளக்கு எரிந்தால் சரியான ஜோடி. அங்கிருந்து இரண்டு வயர் இழுத்து, போட்டால் அப்படியே நிற்கும் சுவிட்சில் முடியுங்கள். ஹாரன் சுவிட்ச் மாதிரி விட்டால் திரும்புவது உதவாது. ரிலே வேண்டாம். லீவர் அசையும் பாதையை விட்டு ஒதுக்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் ஸ்லீவ் போட்டுக் கொண்டுபோங்கள். விற்கும்போது கனெக்டரைக் கழற்றினால் வண்டி பழையபடி.

தனியாக வரும் கண்ட்ரோலர் பெட்டிகளை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. முழுக் கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டையும் அவை எடுத்துக்கொள்கின்றன. ஒரு பட்டன் போனதற்கு அது பெரிய செலவாகத்தான் படுகிறது.

எல்லா வண்டிக்கும் இதே தீர்ப்பு இல்லை. 1990களின் தொடக்கத்து அமெரிக்க டாட்ஜ் பிக்கப்பில் வரும் ஏ518 கியர்பாக்ஸில் முதல் மூன்று கியரும் ஆயில் அழுத்தத்திலேயே மாறுகின்றன. ஓவர் டிரைவுக்கு ஒரு சோலனாய்டு, கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் லாக்கப்புக்கு ஒன்று; இரண்டுக்கும் பொது 12 வோல்ட், தனித்தனி எர்த். அங்கே நேர் சுவிட்ச் வைப்பது நியாயமான வேலை. வயர் அறுந்தால் மூன்றாவதோடு நிற்குமே தவிர, கிளம்பும் கியர் மாறாது. வேகம் பிடிப்பதற்கு முன் போடாமல் இருக்க வேண்டியது மட்டும் ஓட்டுபவர் பொறுப்பு.