காஸ்ஃபர்டில் ஒரு சீசன் டிக்கெட்: மரைனர்ஸின் 2023-24 பருவத்தைத் திரும்பிப் பார்க்கையில்

மேற்கு சிட்னியில் குடியிருக்கும் ஒருவர், அருகிலேயே ஏ-லீக் என்னும் ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கின் அணி ஒன்று இருக்கும்போது, வடக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் போய்ச் சேர வேண்டிய காஸ்ஃபர்ட் ஊரின் அணிக்கு ஆட்டம் பார்க்கும் சீசன் டிக்கெட் எடுப்பது கொஞ்சம் கிறுக்குத்தனம்தான். 2023 ஜூன் 3 அன்று என் வீட்டுக்கு அருகே பாரமட்டாவில் நடந்த இறுதிப் போட்டியில், பண வசதியில் எங்கோ உயரத்தில் இருந்த மெல்பர்ன் சிட்டியைச் சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ் 6-1 என்று நொறுக்கியதையும், ஜேசன் கம்மிங்ஸ் மூன்று கோல் அடித்ததையும் பார்த்த பிறகு எனக்கு வேறு அணி பிடிக்கவில்லை. அடுத்த பருவத்துக்கான சீசன் டிக்கெட்டை வாங்கிவிட்டேன். கொடுத்த காசுக்கு அது தகுமா என்பதுதான் இந்த மதிப்புரையின் கேள்வி.

முதலில் பயணம். ஸ்ட்ராத்ஃபீல்டில் ஏறினால் ஹார்ன்ஸ்பி தாண்டியதும் ரயில் மலைச்சரிவில் இறங்கி, ஹாக்ஸ்பரி ஆற்றைக் கடந்து, நீர்விளிம்பை ஒட்டியே நெடுந்தூரம் ஓடுகிறது. வெள்ளி முதல் ஞாயிறு வரை ஓபல் என்னும் பயண அட்டையில் ஒரு நாளைக்கான உச்சவரம்பு அந்தப் பருவத்தில் 8.90 டாலர் என்பதால், போய்வரும் செலவு அதற்கு மேல் ஏறவில்லை. காஸ்ஃபர்ட் நிலையத்தில் இறங்கி நடந்தே மைதானத்துக்குப் போய்விடலாம். வாகனம் நிறுத்த இடம் தேடி அலைந்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் ரயிலுக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

இந்த டிக்கெட்டின் உண்மையான மதிப்பு மைதானத்தில்தான் இருக்கிறது. ரக்பி லீக் அணி ஒன்றை இங்கே குடியேற்றும் எண்ணத்தில் மறுகட்டுமானம் செய்யப்பட்ட, ஓட்டப்பந்தயத் தடம் எதுவும் இல்லாத செவ்வக மைதானம் இது. ஆகவே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் எல்லைக் கோட்டுக்கும் இடையில் சில அடிகளே இருக்கின்றன. கோல்கீப்பர் டேனி வுகோவிச் தன் தற்காப்பு வீரர்களை நோக்கிக் கத்துவது சொல் சொல்லாகக் கேட்டது. மூன்று பக்கம் இருக்கைகள், தெற்குப் பக்கம் மட்டும் திறந்த வெளி: பனைகளைப் போன்ற உயர்ந்த மரங்கள் ஒரு வரிசை, அதற்கு அப்பால் பிரிஸ்பேன் வாட்டர் என்னும் உப்புநீர்ப் பரப்பு. (பெயரைப் பார்த்து இதைக் குயின்ஸ்லாந்தில் தேட வேண்டாம்.) மாலை ஆட்டங்களில் அந்தப் பக்கத்திலிருந்து வரும் காற்று, உயர்த்தி அடித்த பந்தைக்கூடச் சற்றுத் திருப்பிவிடும். கிழக்கு இருக்கைகளில் அமர்ந்தால் சாயும் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். புதிதாக எடுப்பவர்கள் மேற்குப் பக்கம் கேட்டு வாங்குவது நல்லது.

ஆட்டத்தைப் பற்றிச் சொன்னால், தொடக்கத்தில் ஏமாந்துவிட்டேன் என்றே நினைத்தேன். பயிற்சியாளர் நிக் மாண்ட்கமரி செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் ஹிபர்னியனுக்குப் போய்விட்டார். முந்தைய பருவத்தின் நட்சத்திரங்கள் சிலர் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள். புதிதாக வந்த மார்க் ஜாக்சனின் அணி லீக்கின் முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. 2015-16 முதல் 2019-20 வரையிலான ஐந்து பருவங்களில் நான்கு முறை கடைசி இடத்தில் முடிந்த அணி இது என்பதால், பக்கத்து இருக்கைக்காரர்கள் பதறவில்லை, பழக்கப்பட்ட துக்கம் போல எடுத்துக்கொண்டார்கள். பிறகு நிலைமை மாறியது. வனுவாட்டு நாட்டின் பிரையன் கால்டக் தற்காப்பில் சுவர்போல் நின்றார். அணியிலேயே மிகக் குள்ளமான ஜாஷ் நிஸ்பெட் நடுக்களத்தில் தன்னைவிட ஒரு தலை உயரமானவர்களின் காலிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்கவே தனியாகக் கட்டணம் வைக்கலாம். லீக்கின் சிறந்த வீரருக்கான, அந்த ஆண்டின் ஜானி வாரன் பதக்கம் அவருக்குக் கிடைத்ததில் எனக்கு வியப்பே இல்லை.

நம்மவர்களுக்கு நினைவில் நிற்கும் ஓர் ஆட்டத்தைச் சொல்லியாக வேண்டும். ஆசிய கிளப் அணிகளுக்கான ஏ.எஃப்.சி. கோப்பையில், 2024 மார்ச்சில் ஒடிசா எஃப்.சி. காஸ்ஃபர்டுக்கு வந்தது. வெலிங்டன் ஃபீனிக்ஸில் ஆடி இங்கே பெயர் வாங்கிய ராய் கிருஷ்ணா அப்போது ஒடிசாவில் இருந்ததால், எந்தப் பக்கம் கைதட்டுவது என்று ஒரு கணம் எனக்கே குழப்பம். மரைனர்ஸ் 4-0 என்று வென்று அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைத்தது. புவனேஸ்வரில் நடந்த மறு ஆட்டம் கோலின்றி முடிந்தது. மே 5 அன்று மஸ்கட்டில் லெபனானின் அல் அஹெத் அணியை அலூ குவோலின் ஒரே கோலில் வென்று, அந்தக் கோப்பையை எடுத்த முதல் ஆஸ்திரேலிய அணியானது.

குறைகளும் உண்டு. பாதிக்கு மேல் காலியாகக் கிடந்த இரவுகளிலும் தீனிக் கடைகளில் ஓரிரு சாளரங்களே திறந்திருந்தன. ஒரு பொட்டலம் சிப்ஸ் வாங்கப் போய் இரண்டாம் பாதியின் முதல் கோலைத் தவறவிட்டேன். சீசன் டிக்கெட் என்பது வழக்கமான லீக் ஆட்டங்களுக்கு மட்டுமே. இறுதிச் சுற்று ஆட்டங்களுக்கு முன்னுரிமையில் வாங்கும் வாய்ப்பு கிடைக்குமே தவிர, இருக்கை தானாக வராது. அந்த முன்னுரிமை விற்பனையன்று டிக்கெட் செயலி என் பணத்தை எடுத்துக்கொண்டு, டிக்கெட்டைக் காட்டாமல் வெள்ளைத் திரையில் சுழன்றுகொண்டே இருந்தது. நாற்பது நிமிடம் கழித்து மின்னஞ்சல் வந்தபோதுதான் உயிர் வந்தது.

அந்த நாற்பது நிமிடப் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. லீக் நிர்வாகம் 2022 டிசம்பரில், அடுத்த மூன்று இறுதிப் போட்டிகளும் சிட்னியில்தான் நடக்கும் என்று நியூ சவுத் வேல்ஸ் அரசின் சுற்றுலா அமைப்புடன் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. ரசிகர்கள் வெகுண்டார்கள், 2023 அக்டோபரில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. கைவிடப்படாமல் இருந்திருந்தால், பட்டியலில் முதலிடம் பிடித்த மரைனர்ஸ் 2024 மே 25 அன்று தன் சொந்த மண்ணில் இறுதிப் போட்டி ஆடியிருக்க முடியாது. அந்த ஊர் அதற்கு முன் ஒரு இறுதிப் போட்டியை நடத்தியதே இல்லை.

அன்று இருக்கைகள் அனைத்தும் நிரம்பின. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் மெல்பர்ன் விக்டரி ஒரு கோல் போட்டது. அதன்பின் நேரம் கரையக் கரைய, எனக்கு முன்வரிசையில் மஞ்சள் துண்டு போர்த்தியிருந்த முதியவர் எழுந்து படிக்கட்டுவரை போய்விட்டார். தொண்ணூறு நிமிடம் முடிந்து கூட்டிக்கொடுத்த நேரத்தில் ரயன் எட்மண்ட்சன் சமன் செய்தார். முதியவர் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார். கூடுதல் நேரத்தில் இளைஞர் மிகெல் டி பிஸியோ இரண்டாவது கோலைப் போட்டபோதும், கடைசியில் எட்மண்ட்சன் 3-1 ஆக்கியபோதும், திரும்பி வந்து உட்கார்ந்தால் ராசி கெட்டுவிடும் என்பதுபோல் அங்கேயே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். லீக் பட்டியலின் முதலிடம், ஏ.எஃப்.சி. கோப்பை, இந்த இறுதிப் போட்டி என ஒரே பருவத்தில் மூன்று கோப்பைகள். வுகோவிச் அந்த ஆட்டத்தோடு ஓய்வு பெற்றார். நிஸ்பெட் ஸ்காட்லாந்துக்குப் போனார்.

காசுக்குத் தகுமா என்றால், ஐந்துக்கு நான்கரை. அரை மதிப்பெண்ணைக் குறைத்தது அந்த வெள்ளைத் திரைக்காக. அன்றிரவு சிட்னி திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. ஹார்ன்ஸ்பி வரை நின்றுகொண்டே வந்தேன்.